ஒன்றாம் நம்பர் கதவு

கதவில் எழுதிய சிவப்புப் பெயிண்டை அழிப்பதில் கால்வாய்க்கரையில் கன்னியம்மாவை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. காசிமேட்டு விசைப்படகுக்காரர்களிடம் வாங்கி வைத்திருக்கும் கிருஷ்ணாயிலைத் துணியில் நனைத்து முதலில் ஒரு ஒற்று. ஐந்து நிமிஷம் ஊறவிட்டு, செங்கல் தூளைத் தொட்டுத் தேங்காய் நாரால் வட்ட வட்டமாக ஒரு தேய். கடைசியில் சோப்புத் தண்ணீர். எழுதியவனே திரும்பி வந்து தேடினாலும் இடம் தெரியாது. இதற்கெல்லாம் யாரும் சர்டிபிகேட் கொடுப்பதில்லை. ஆனால் கொருக்குப்பேட்டை ரயில்பாதைக்கும் கால்வாய்க்கும் நடுவில் குடியிருக்கிற நூறு சொச்சம் குடும்பங்களுக்கும் இது சோறாக்குவது மாதிரி, தெரிந்தே ஆகவேண்டிய காரியம்.

காரணம் இல்லாமல் இல்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் நாலைந்து பேர் வந்து கரையின் கீழ்ப்பாதியில் கதவுக்குக் கதவு சிவப்பு நம்பர் போட்டார்கள். எதுக்கு சார் என்று கேட்டதற்கு, “சும்மா, சர்வே” என்றார்கள். மூன்று மாதம் கழித்து லாரி வந்தது. நம்பர் போட்ட வீடுகளை மட்டும் இடித்து, அந்தச் சனத்தை ஊரின் தெற்குக் கோடியில் ஏதோ ஒரு அடுக்குமாடியில் கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கிருந்து துறைமுகத்துக்கு வேலைக்கு வர மூன்று பஸ் மாற வேண்டும். நம்பர் போடாத மேல்பாதி தப்பித்தது. அன்றிலிருந்து கரைக்காரர்களுக்கு ஒரே சட்டம்தான். யார் போட்டாலும், எதற்குப் போட்டாலும், பொழுது சாய்வதற்குள் நம்பரை அழித்துவிட வேண்டும். போலியோ சொட்டு மருந்து ஊற்ற வருகிறவர்கள் சாக்பீஸால் கிறுக்கிவிட்டுப் போவதைக்கூட விட்டு வைப்பதில்லை.

இவ்வளவு கெட்டிக்காரியான கன்னியம்மாதான், தான் மூன்று வருஷமாக எதற்கு ஏங்கிக் கிடந்தாளோ அதைத் தன் கையாலேயே தேய்த்து அழித்துவிட்டு, நன்றாகத் தேய்த்தோம் என்று பெருமையும் பட்டுக்கொண்டாள்.

அவள் ஏக்கமெல்லாம் மகள் ரமாபாய்தான். ஒரே பெண். நாலாம் வகுப்பு படிக்கும்போது குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், துரும்பாக இளைத்தாள், ஒருநாள் வகுப்பிலேயே சுருண்டு விழுந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் சர்க்கரை என்றார்கள். ஒன்பது வயசுப் பெண்ணுக்குச் சர்க்கரையா என்று கரையே வாயைப் பிளந்தது. காலையும் மாலையும் சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி, ஆயுசுக்கும். ஊசி மருந்தை மட்டும் சூடு படாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

தகரக் கூரை வீட்டில் சித்திரை மாசத்தில் சூடு படாமல் எதை வைப்பது? ஈர மணலில் பானை வைத்து, பானைக்குள் மருந்தை வைத்துப் பார்த்தாள். மருந்து கெட்டது தெரியாமல் அதையே போட்டு, ரமா ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமலும் திறந்தும் கிடந்தாள். அப்புறம் கன்னியம்மாவின் புருஷன் பக்தவச்சலம், கோடவுனில் மூட்டை தூக்கிச் சேர்த்ததில் பழைய ஃபிரிட்ஜ் ஒன்றை வாங்கிப் போட்டான். கரைக்கு வருகிற கரண்டுக்கு அது ஒரு மாசம்கூடத் தாங்கவில்லை. புகைந்துவிட்டது. இப்போது அதில் அரிசி இருக்கிறது.

விம்கோ நகரில் கன்னியம்மாவின் அக்கா சிவந்தி இருக்கிறாள். தளம் போட்ட வீடு, நல்ல ஃபிரிட்ஜ், வீட்டுக்குப் பின்னாலேயே பத்தாவது வரைக்கும் பள்ளிக்கூடம். கரையில் இருக்கிற பள்ளிக்கூடமோ ஐந்தாம் வகுப்போடு கையை விரித்துவிடும். “கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும்க்கா” என்று பெண்ணைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். கொஞ்ச நாள் மூன்று வருஷமாகிவிட்டது. ரமா இப்போது ஏழாம் வகுப்பு.

கொருக்குப்பேட்டையில் ஏறினால் நாலே ஸ்டேஷன். தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர். பிள்ளையைத் துபாய்க்கு அனுப்பிவிட்டு இருக்கிறவர்கள் இல்லையா, நாலு ஸ்டேஷனுக்கு இவ்வளவு அழுகையா என்று கேட்கிறவர்கள் கேட்கலாம். துபாய்க்குப் போனால் வராது என்று மனசு அடங்கிவிடும். நாலு ஸ்டேஷன் என்றால் அடங்க மாட்டேன் என்கிறது. கண்டெய்னர் யார்டில் பெருக்கிக்கொண்டிருக்கும்போது தண்டவாளத்தில் வடக்கே போகிற வண்டியைப் பார்த்தால், இதில் ஏறினால் இருபது நிமிஷம் என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும்.

ரமா ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவாள், ஐந்து மணி வண்டிக்குத் திரும்பிவிடுவாள். ராத்திரி தங்கக் கூடாது. ஒருமுறை தங்கப்போய், வழியில் கொண்டுவந்த மருந்து வீணானதிலிருந்து சிவந்தி கறாராகச் சொல்லிவிட்டாள், மருந்து ஃபிரிட்ஜை விட்டு நகராது, சாயங்கால ஊசிக்குப் பெண் வந்துவிட வேண்டும் என்று. நல்லதுக்குத்தான் சொல்கிறாள். அக்கா நல்லவளாக இருப்பதே சில சமயம் கன்னியம்மாவுக்கு ஆத்திரமாக இருக்கும்.

வரவரப் பெண் மாறிக்கொண்டே வந்தாள். சந்துக்குள் வரும்போது பாவாடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பெரியம்மா இப்படித்தான் சுத்தம் பார்ப்பாள் என்று தட்டை ஒருமுறை கழுவிவிட்டுச் சாப்பிட்டாள். நாலு மணியானால், “வூட்டுக்கு நேரமாச்சும்மா” என்பாள். எந்த வீட்டுக்கு என்று கன்னியம்மா கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்தான்.

ரேஷன் கடை வாசலில் புதன்கிழமைதோறும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு பிரஷர் பார்க்கிற நர்சு ஹெப்சிபாதான் அந்த நல்ல செய்தியைச் சொன்னாள். ராயபுரத்துக்காரி, சின்ன வயசு, எதைச் சொன்னாலும் வேகமாகச் சொல்வாள். கரைப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் காலி இடத்தில் ஒரு கட்டடம் வரப்போகிறது. கீழே ஆஸ்பத்திரி, நாள் பூராவும் நர்சு இருப்பாள். மேலே ஆறிலிருந்து எட்டு வரைக்கும் வகுப்பு. ஆனால் கரையில் இத்தனை குடும்பம், இத்தனை பிள்ளைகள் என்று சர்வே எடுத்து மேலே அனுப்பினால்தான் கட்டடம் நிச்சயமாகும்.

கன்னியம்மா கேட்டது ஒரே கேள்விதான். “ஃபிரிட்ஜு வருமா நர்சம்மா?”

“வராம? தடுப்பூசி வைக்கவே வேணுமேக்கா. அதுல ஒரு தட்டு உங்க ரமாவுக்குன்னு வெச்சுக்கோங்க.”

அந்த ஒரு தட்டுக்காகக் கன்னியம்மா வீடு வீடாகக் கைநாட்டு வாங்கினாள். மனு கொடுக்க யார்டில் லீவு போட்டு வரிசையில் நின்றாள். ‘வர்ற ஜூன்ல நம்ம வூட்டாண்டயே இஸ்கூலு’ என்று போன வருஷமே ரமாவிடம் சொல்லியும் விட்டாள். ஜூன் வந்தது, கட்டடம் வரவில்லை. பெண் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் கன்னியம்மாவைக் கொன்றது. இனிமேல் கட்டடம் எழும்பின பிறகுதான் வாயைத் திறப்பது என்று வைராக்கியமாக இருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் யார்டிலிருந்து திரும்பி வரும்போது சந்து முழுக்கக் கலவரம். பக்கத்து வீட்டுச் செங்கொடி தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். ஏதோ ஒரு கூட்டம் வந்து, எதற்கென்றுகூடச் சொல்லாமல் கதவெல்லாம் சிவப்பு நம்பர் போட்டுவிட்டுப் போய்விட்டதாம். கன்னியம்மா தன் கதவைப் பார்த்தாள். அப்புறம் யோசிக்கவே இல்லை. கிருஷ்ணாயில் டின்னை எடுத்தாள், புடவையைத் தூக்கிச் செருகினாள், “செங்கல்ல ஒட்சி தூளாக்குமே” என்று செங்கொடியை ஏவினாள். ஆறரை மணிக்கெல்லாம் நூற்றுப் பன்னிரண்டு கதவும் பளபளவென்று ஆகிவிட்டன.

மறுநாள் புதன்கிழமை ஹெப்சிபா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

“யாருக்கா நம்பர அழிச்சது?”

“நாங்கதான். இன்னா நர்சம்மா, ஒனக்கு வந்து சொல்லணும்னே இருந்தேன். திரும்பியும் வூட்ட இடிக்க வந்துட்டானுங்க.”

“ஐயோ அக்கா! அது நம்ம ஆஸ்பத்திரி சர்வே! இன்னிக்கு சரிபார்க்க வந்தவரு நம்பரே இல்லாததைப் பார்த்துட்டு, இங்க ஜனங்க காலி பண்ணிட்டாங்கன்னு எழுதிட்டுப் போயிட்டாரு. கதவுல நம்பர் போடுவாங்கன்னு எனக்குத் தெரியும், அதை அழிப்பீங்கன்னு நான் கனவா கண்டேன்?”

கன்னியம்மா அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள். கையில் இன்னும் கிருஷ்ணாயில் வாடை போகவில்லை. ரமாவின் தட்டு, ரமாவின் வகுப்பு, ராத்திரி பக்கத்தில் படுக்க வேண்டிய ரமா, எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீர் ஊற்றி இவளே கழுவி விட்டாளே! எந்தக் கோயிலில் போய் முட்டிக்கொள்வது?

ஹெப்சிபா சும்மா இருக்கிற பெண் இல்லை. யார் யார் காலிலோ விழாத குறையாகப் பேசி இன்னொரு வாய்ப்பு வாங்கி வந்தாள். சனிக்கிழமை மறுபடி நம்பர் போடுவார்கள், திங்கட்கிழமை காலையில் சரிபார்ப்பார்கள். இந்தத் தடவையும் நம்பர் இல்லையென்றால் கட்டடம் வேறு பேட்டைக்குப் போய்விடும்.

நம்பரை அழிக்காதீர்கள் என்று கரைக்காரர்களிடம் சொல்வது லேசான காரியமா? வெள்ளிக்கிழமை குழாயடியில் பெண்கள் கூடினார்கள். லாரி ஏறிப்போன கீழ்ப்பாதியில் செங்கொடியின் அம்மா வீடும் ஒன்று.

“நம்பர் போட்ட வூடு எதுனா நின்னுகிதாமே? ஒண்ணு சொல்லு பாக்கலாம்” என்றாள் செங்கொடி. “நர்சம்மா நல்லவங்கதான். அவுங்களாண்டயே பொய் சொல்லி அனுப்பியிருந்தா?”

அந்தப் பயம் கன்னியம்மாவுக்கும் இல்லாமலா இருக்கும்?

“எனுக்கும் தெரியாது செங்கொடி. ஆனா மொத நம்பர என் கதவுல போடச் சொல்றேன். இடிக்கிறதுன்னா என் வூட்டத்தான் மொதல்ல இடிக்கணும். என் கதவுல நம்பரு கீற வரைக்கும் நீங்களும் வெச்சிருங்க. நான் அழிச்சா நீங்களும் அழிங்க.”

அதற்குத்தான் ஒத்துக்கொண்டார்கள். நர்சம்மாவின் வார்த்தைக்கு இல்லை, கன்னியம்மாவின் கதவுக்கு.

சனிக்கிழமை அவள் கதவில் சிவப்பாக ‘1’ என்று போட்டார்கள். எழுதிய பெண் படிவத்தை வைத்துக்கொண்டு, “ராத்திரி இங்க படுக்கிறவங்க மட்டும் எத்தனை பேருக்கா?” என்றாள். கன்னியம்மா அந்த ‘1’-ஐப் பார்த்துக்கொண்டே “ரெண்டு” என்றாள். மற்ற வீடுகளிலும் போட விட்டார்கள். ஆனால் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் கிருஷ்ணாயில் பாட்டில் தயாராக இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ரமா வந்தாள். கதவைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“இன்னாம்மா நம்பரு?”

எல்லாம் உனக்காகத்தான் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. போன ஜூன் ஞாபகம் வந்து விழுங்கிவிட்டாள்.

“சும்மா, சர்வே.”

கன்னியம்மா வஞ்சிர மீன் வாங்கி வறுத்து வைத்திருந்தாள், அதைக்கூட ரமா பாதிதான் சாப்பிட்டாள். மூன்று மணிக்கு, பட்டியலில் பெயர்கள் சரியா என்று பார்க்க ஹெப்சிபா கூப்பிட்டனுப்ப, கன்னியம்மா ரேஷன் கடைக்குப் போனாள். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தபோது ரமா சந்து முனையிலேயே பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

“நேரமாச்சும்மா, வா” என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

வீட்டுக்குள் கால் வைக்கக்கூட விடாமல் இழுத்துக்கொண்டு போகிறாளே, அவ்வளவு அவசரமா அந்த வீட்டுக்கு என்று கன்னியம்மாவுக்கு மனசு கசந்தது. இழுத்த இழுப்புக்குக் கூடவே நடந்தாள். இந்தப் பெண்ணுக்காகவா இத்தனை பாடும், வந்து இருக்கச் சொன்னாலும் இருக்குமா இது என்று முதல் தடவையாகத் தோன்றியது.

பிளாட்பாரத்தில் வண்டிக்கு நிற்கும்போது ரமாவின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கப் போனாள். ரமா தட்டிவிட்டாள். தட்டிய கையிலிருந்து கிருஷ்ணாயில் வாடை குப்பென்று அடித்தது.

கன்னியம்மா அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது. நகக்கண்ணில் செங்கல் தூள்.

“இன்னாடி பண்ண?”

ரமா வண்டி வரும் திசையையே பார்த்தாள்.

“அழிச்சிட்டியா?”

“நீ அழிக்கலியே!” பெண் வெடித்தாள். “நேத்து போட்டது இன்னிக்கும் அப்பிடியே கீது. நம்பரு போட்டா லாரி வரும்னு நீதானே சொல்லிக் குடுத்த? செங்கொடி அத்தையோட அம்மா வூடு போச்சில்ல? ஒவ்வொரு நாளும் ஊசி போட்டுக்கினு, பெரிசானா நானே பாத்துக்குவேன், அப்ப எங்கம்மாவாண்ட போய்டுவேன்னு நெனச்சிக்கினுதாம்மா அங்க படுக்கிறேன். வூடே இல்லன்னா நான் எங்கம்மா திரும்பி வர்றது?”

வண்டி வந்தது. நின்றது. போனது. ரமா ஏறவில்லை.

கன்னியம்மா பெண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் எல்லாரும் பார்க்கப் பார்க்க அழுதாள். மூன்று வருஷமாக இது தெரியாமல், தட்டைக் கழுவுகிறாள், பாவாடையைத் தூக்குகிறாள் என்று பெண்மேல் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாளே! சொல்லியிருந்தால் என்ன? கட்டடம் வராவிட்டால் இன்னொரு தடவை ஏமாந்திருப்பாள், அவ்வளவுதானே? பெண்ணும் தன்னை மாதிரியே நாலு ஸ்டேஷனை எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று தெரியாமல் போயிற்றே!

அழுது முடித்துத்தான் கதவு ஞாபகம் வந்தது. “அய்யோ, செங்கொடி!” என்று கிளம்பினாள். நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். கீழே ஆஸ்பத்திரி, மேலே எட்டாவது வரைக்கும், ஃபிரிட்ஜில் ஒரு தட்டு. ரமா பாதி வழியில் ஓட ஆரம்பித்தாள்.

அவர்கள் பயந்தபடியேதான் ஆகியிருந்தது. பளபளக்கிற கதவுக்கு முன்னால் கூட்டம். செங்கொடி தன் கதவை அழிக்கக் கையில் பாட்டிலோடு தயாராக நின்றாள்.

“நீயே அழிச்சிட்டு ஸ்டேசனுக்குப் போய்ட்டியாமே? எங்கள மட்டும் லாரில ஏத்தப் பாத்தியா?”

“நான்தான் அத்த அழிச்சேன்” என்றாள் ரமா. “எங்கம்மாவுக்குத் தெரியாது. வூடு பூடும்னு பயந்துட்டேன்.”

பன்னிரண்டு வயசுப் பெண் உரிந்த கையை எல்லாருக்கும் காட்டிக்கொண்டு நின்றாள். ரமா குனிந்தாள். தேய்ப்பதற்கு உடைத்ததில் மிச்சமிருந்த செங்கல் துண்டு வாசலிலேயே கிடந்தது. அதை எடுத்து, கதவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தாள். அதன் மேலேயே இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று அழுத்தி அழுத்தி இழுத்தாள். போட்ட ‘1’ கதவில் பாதி உயரத்துக்கு இருந்தது.

செங்கொடி தன் பாட்டிலுக்கு மூடி போட்டாள். “இவ்ளோ பெருசு போட்டா லாரிக்காரன் மொதல்ல இங்கதாண்டி வருவான்” என்று சொல்லிவிட்டு, முந்தானையால் ரமாவின் கையைத் துடைத்துவிட்டாள்.

மணி ஐந்தரை தாண்டிவிட்டது. ஏழு மணிக்கு ஊசி. பெண்ணின் மனசு முழுக்க இங்கேதான் இருக்கிறது என்று தெரிந்த அந்த நிமிஷத்தில், கன்னியம்மாவே அவளை மறுபடி ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், வண்டி ஏற்றி, ஜன்னலோரம் உட்கார வைத்து அனுப்ப வேண்டியிருந்தது. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அனுப்பியிருக்கிறாள். இன்றைக்கு மாதிரி எப்போதும் வலித்ததில்லை. வண்டி கிளம்பும்போது ரமா ஜன்னலில் முகத்தை வைத்து, “அழிச்சிடாதம்மா” என்று கத்தினாள்.

திங்கட்கிழமை காலையில் சரிபார்க்கிறவர் கையில் கட்டுக் காகிதத்தோடு வந்தார். மற்ற கதவுகளில் சிவப்பு நம்பர் அழியாமல் அப்படியே இருந்தது. கன்னியம்மா யார்டுக்குப் போகாமல் கதவுக்குப் பக்கத்திலேயே காவல் மாதிரி நின்றிருந்தாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்தப் பெரிய ‘1’-ஐப் பார்த்தார். விரலால் தொட்டார். செங்கல் பொடி ஒட்டியது.

“இது நாங்க போட்டது இல்லையே. யார் எழுதினது?”

“எம் பொண்ணு சார்.”

அவர் காகிதத்தைப் புரட்டினார். “இந்த வீட்டுல ரெண்டு பேர்னு இருக்கு. சரிதானே?”

“தப்பு சார். மூணு பேரு.”

அவர் எட்டி உள்ளே பார்த்தார். ஒரே அறை, மூலையில் அரிசி வைத்த ஃபிரிட்ஜ், கொடியில் பக்தவச்சலத்தின் சட்டை. வேறு யாரும் இல்லை.

“ரெண்டு பேரு நீங்களும் உங்க வீட்டுக்காரரும். மூணாவது ஆள் எங்கம்மா?”

சந்துக்குப் பின்னால் வடக்கேயிருந்து ஒரு வண்டி தடதடவென்று வந்துகொண்டிருந்தது. சத்தம் அடங்குகிற வரைக்கும் கன்னியம்மா காத்திருந்தாள்.

“எழுதிக்க சார்” என்றாள். “வந்துகினு கீறா.”